அண்ணா எங்கே குடியிருந்தார்

அண்ணா கண்மூடி ஓராண்டு ஆகிறது. பின்வளவில் யாராவது இருமினால் அவராக்கும் என்று இன்னும் எழும்பிவிடுகிறேன். ஆனாலும் அவரைப் பற்றி அழுதுகொண்டு எழுத முடியாது. அவரோடு கதைத்துவிட்டுச் சிரிக்காமல் போனவர்கள் குறைவு.

சாவகச்சேரியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா இளவயதில் காலமானதும் மலாயாவுக்குக் கப்பலேறி, ரயில்வேயில் கிளாக்கர் ஆனார். கலியாணம் செய்யவில்லை. நான் படித்து ஆசிரியையானது அவர் உழைப்பில்தான். ஒருமுறை நீண்ட லீவில் வந்தபோது கிளிநொச்சிப் பக்கம் தர்மபுரத்தில் அரசாங்கம் குடியேற்றக் காணி கொடுத்தது. பென்சன் எடுத்த பின் வந்து இருக்கலாம் என்று தன் பெயரில் பெர்மிட் என்னும் அனுமதிப் பத்திரம் எடுத்து ஒரு பங்கு பெற்றார். லீவு முடிந்து அவர் திரும்ப, நானும் என் கணவரும் மூன்று பெண்பிள்ளைகளோடு அங்கே போனோம். காடு வெட்டினோம், வயல் செய்தோம், வீடு கட்டினோம்.

பெர்மிட்காரர் தாமே குடியிருந்து பயிர் செய்யவேண்டும் என்பது நிபந்தனை. அதை நாங்கள் வாசிக்காமல் இல்லை. வாசித்துவிட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம்.

ஆறாம் வருடம் அரசாங்கக் காணிக் கந்தோரிலிருந்து விசாரணைக் கடிதம் வந்தது. காணி பறிபோனால் பிள்ளைகளோடு எங்கே போவது? அண்ணாவுக்கு எழுதினேன். கடிதம் கிடைத்ததும் அண்ணா லீவு போட்டு ஓடிவந்தார். அவர் நெடுகவும் இங்கேதான் இருக்கிறார் என்று காட்ட, ஐயாவின் தம்பியான எங்கள் சித்தப்பா ஒரு யோசனை செய்தார். அண்ணாவின் மலாயாக் காற்சட்டைகள் நான்கையும் தோய்த்து, மடிப்புக் கலையாமல் அழுத்தி, முற்றத்துக் கொடியில் தொங்கவிட்டார்.

விசாரணைக்கு வந்த காணி உத்தியோகத்தர் கொடியைப் பார்த்துவிட்டு அண்ணாவிடம் திரும்பினார்.

"உந்தக் காற்சட்டையோடையோ நீங்கள் வயலுக்கை இறங்கிறனீங்கள்?"

சித்தப்பா வாய் திறக்கமுன் அண்ணா சிரித்துவிட்டார்.

"இல்லை ஐயா. நான் இஞ்சை இருக்கிறேல்லை. மலாயாவிலை வரிக் கந்தோருக்கு, அங்கை குடியிருக்கிற ஆள் எண்டு வருசாவருசம் கையெழுத்து வைக்கிறனான். இஞ்சையும் அப்பிடி வைச்சால் ரண்டிலை ஒண்டு பொய். வெட்டி விதைச்சது தங்கச்சி குடும்பம். அவவின்ரை பேரிலை எழுதுங்கோ."

உத்தியோகத்தர் அதை எழுதி வாங்கிக்கொண்டு போனார். மலாயாவில் படித்த புத்தி இதுதானோ என்று சித்தப்பா பொரிந்து தள்ளினார். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன்.

"அழாதை தங்கச்சி. இல்லாதவன்ரை பேரிலை காணி கிடந்தால் நீ ஒவ்வொரு கடிதத்துக்கும் நடுங்க வேணும்" என்றார் அண்ணா. தான் வந்து இருக்க நினைத்த காணி போகிறது என்று ஒரு சொல் சொல்லவில்லை.

ஐந்து மாதம் நடுங்கினேன். பிறகு என் பெயரில் பெர்மிட் வந்தது. அன்று பாயாசம் காய்ச்சி அயல் முழுவதற்கும் கொடுத்தோம். முதல் கோப்பை சித்தப்பாவுக்குத்தான்.

பென்சன் எடுத்ததும், மலாயாவில் தான் வாங்கியிருந்த வீட்டை வைத்திருப்பதா, விற்பதா என்று அண்ணா பக்கம் பக்கமாக எழுதினார். அரை வருடத்துக்கு மேல் எந்த நாட்டில் இருக்கிறோமோ, அந்த நாட்டு வரிக் கந்தோர் நம்மைத் தன் ஆளாக எடுக்குமாம். இரண்டு நாட்டுக்கும் நாள் எண்ணிக்கொண்டு சீவிக்க அவருக்கு மனமில்லை. வீட்டை விற்றுவிட்டு வந்து, ட்ரங்குப் பெட்டியோடு எங்கள் வாசற் படலையில் நின்றார்.

"காணிக்காரி, ஒரு அறை தருவியோ?"

"அரை வருசத்துக்கு மேலை இருக்கிறதெண்டால் தாறன்" என்றேன்.

நான்கு வருடம் இருந்தார். காற்சட்டை போடவேயில்லை. என் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார், அயலாருக்கு மனுக்கள் எழுதிக் கொடுத்தார். கடைசியில் மூன்று நாள் காய்ச்சல். வேறு கஷ்டம் இல்லை.

அவரைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வண்டிலில் கொண்டு சென்ற அயலவர்களுக்கும், பார்த்த டொக்டருக்கும், பந்தல் போட்டு எட்டு நாளும் சமைத்துத் தந்த ஊரவர்க்கும், மலாயாவிலிருந்து தந்தி அடித்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத அந்தக் காணி உத்தியோகத்தருக்கும்தான்.

மரணத்தைப் பதிந்தவர் நிரந்தர வதிவிடம் எது என்று கேட்டார். மலாயா பென்சன்காரர் என்பதால் பேனையைத் தூக்கியபடி தயங்கினார். என் காணியின் இலக்கத்தைச் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை.