கன்றுக்குட்டிக்காகப் போன கடிதம்

யுத்தம் முடியப்போகிற சமயத்தில் நான் ஒரு சுவடி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஊர் ஊராகப் போய், வீடுகளில் கிடக்கும் ஓலை ஏடுகளையும் பழைய காகிதங்களையும் கேட்டு வாங்கி வருவது என் வேலை. பல வீடுகளில் என்னை நிலப் பத்திரம் திருட வந்தவன் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால், "எங்களிடம் மாட்டு வைத்திய ஏடு இருக்கிறது, வந்து எடுத்துப் போகவும்" என்று உடையார்பாளையத்துக்கு அருகிலிருந்த ஓர் ஊரிலிருந்து கார்டு வந்தபோது, எங்கள் நூலகத் தலைவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு என்னை அன்றைக்கே கிளப்பிவிட்டார்.

அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தேன். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ், பின்னால் பொருத்திய கரி அடுப்பின் புகையில் ஓடியது. மேடு வந்தால் நின்றுவிடும், எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். சட்டையெல்லாம் கரியோடு போய் நின்ற எனக்கு, கார்டு எழுதியவரே செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். அறுபது வயதிருக்கும். நிலபுலன் உள்ளவர், உரத்த குரல். அவருடைய மனைவி சிறிய உருவம். பேச்சு மட்டும் சிறியது அல்ல என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன்.

கூடத்தில் ஒரு மரப்பெட்டியைத் திறந்து வைத்தார்கள். மேலே ஏடுகள். அடியில் நூல் கட்டிய கடிதக் கட்டுகள், மூன்று தலைமுறைக்கு உரியவை. ஏரி மதகுச் சண்டை, பெண் பார்த்த சேதி, ரங்கூன் போய்ச் சேர்ந்த தகவல் என்று எல்லாம் இருந்தன. எனக்கு ஏட்டைவிட அவைதான் பிடித்துப்போயின. அவற்றையும் எடுத்துப் போகலாமா என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் கொண்டுக்கிட்டுப் போங்க தம்பி. இங்க கெடந்தா பூச்சிதான் படிக்கும்" என்றார்.

மோர் கொண்டுவந்த அந்த அம்மாள் நின்றுவிட்டார். "கடுதாசியும் போவுதா? அதுல என்னுது ஒண்ணு இருக்குமே."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கண்ணாலம் ஆன மறுவருஷம் தம்பி. எங்கப்பா சீரா குடுத்த கன்னுக்குட்டிய, என்னை ஒரு வார்த்தை கேக்காம, இவுங்க தங்கச்சி வூட்டுக்கு ஓட்டி வுட்டுட்டாங்க. அந்நேரம் பாத்து எங்கண்ணன் என்னைப் பாக்க வந்துச்சு. அது வண்டியிலயே ஏறி பாடாலூருக்குப் போயிட்டேன். அங்கேருந்து போட்ட கடுதாசி. எனக்கு எழுதத் தெரியாது, எங்கூரு வாத்தியார்தான் எழுதினாரு. போவட்டும், ஆனா போறதுக்கு முன்னாடி ஒருக்கா படிச்சுக் காட்டுங்க. நான் போட்ட போடு நானே கேக்கணும்."

தேட வேண்டியிருக்கவில்லை. கணவரே ஒரு கட்டின் நடுவிலிருந்து அதை உருவிக் கொடுத்தார். நான் படித்தேன்.

"பாதாரவிந்தங்களுக்கு அடியாள் அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம். அடியாள் சிறுபிள்ளைத்தனமாய் நடந்துகொண்டதைப் பொறுத்தருள வேண்டும். கன்றுக்குட்டி ஒரு பொருட்டல்ல. தங்கள் முகத்தைக் காணாமல் அன்னம் இறங்கவில்லை. தாங்கள் வந்து அழைத்தால் அந்தக்ஷணமே புறப்பட்டு வருவேன்."

"நிறுத்துங்க. வேற யாரு கடுதாசியையோ எடுத்துட்டீங்க."

கீழே அந்த அம்மாளின் பெயர்தான் இருந்தது. பக்கத்தில் பெருவிரல் ரேகை. காட்டினேன். அவர் தம் விரலையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் சொன்னது இது இல்ல. 'கன்னுக்குட்டி திரும்பி வந்து நம்ம கொட்டாயில நின்னாத்தான் நான் வருவேன், இல்லைன்னா உங்க தங்கச்சியையே சமைச்சுப் போடச் சொல்லுங்க'ன்னு சொன்னேன். அந்த வாத்தியார் தலைய ஆட்டி ஆட்டி எழுதினாரே."

கணவர் மெதுவாகக் கேட்டார். "சோறு எறங்கலைன்னு நீ சொல்லலியா?"

"சோறா? அன்னைக்கு எங்கண்ணி கெளுத்தி மீன் கொழம்பு வச்சிருந்தாங்க. ரெண்டு வட்டில் தின்னேன்."

எனக்குத்தான் சங்கடம், பெட்டியை மூடிவிட்டு எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது.

"அப்ப கன்னுக்குட்டிய ஏன் கொண்டாந்தீங்க?" என்றார் அந்த அம்மாள்.

"இம்புட்டு எறங்கி வந்துட்டாளே, நாம இப்படிப் பண்ணிட்டமேன்னு மனசு கேக்கல. தங்கச்சிகிட்டக் கெஞ்சி வாங்கி, வண்டிக்குப் பின்னால கட்டி, ரெண்டு நாள் நடத்திக் கூட்டியாந்தேன்."

"என் கடுதாசிக்குப் பயந்துக்கிட்டுக் கொண்டாந்தீங்கன்னுல்ல நான் நெனச்சேன். பாவம், ஆம்பளைய சொல்லிக் காட்டக் கூடாதுன்னு இத்தினி வருஷம் வாயத் தொறக்கல."

"நானும் அதுக்குத்தான் தொறக்கல."

முதலில் சிரித்தது கணவர்தான். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார், முடியவில்லை; தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு மோர் புரை ஏறியது.

"அந்த வாத்தியார் இருந்தா இப்பவே போயிக் கேட்டிருப்பேன்" என்றார் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்தபடி.

"கேக்க என்ன இருக்கு? அந்த மனுசனுக்கு நாம ஒரு வேட்டி எடுத்துக் குடுத்திருக்கணும்" என்றார் கணவர்.

ஆனால் கடிதத்தைக் கொடுக்க அந்த அம்மாள் இப்போது சம்மதிக்கவில்லை. பொய்க் கடுதாசி லைப்ரரியில் இருக்கக் கூடாது என்றார். தமக்கு வந்த கடிதம், கொடுப்பதும் தம் இஷ்டம் என்றார் கணவர். பேச்சு வளர்ந்துகொண்டே போனது. அந்த அம்மாள் அன்று சொன்னதை நான் ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வைக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் இருவரும் ஓய்ந்தார்கள்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முடிவில் என் கை தன்னால், "என்று கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதிவிட்டது. அவர் விடவில்லை, படித்துக் காட்டச் சொன்னார்.

"கேட்டுக்கல்லாம் இல்ல தம்பி. அதை அடிங்க. நீங்களும் அந்த வாத்தியாரு மாதிரியே பண்றீங்களே."

அடித்தேன். மைக்கூட்டில் விரலைத் தொட்டு ரேகை வைத்தார்.

நூலகத் தலைவர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தார். கலகலவென்று சிரிக்கிற ஆள் அல்ல. "மாட்டு வைத்தியம் வேறு வீட்டிலும் கிடைக்கும், இது கிடைக்காது" என்று மட்டும் சொல்லி, பட்டியலில் நாள் என்று இருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தார். கடைசியில் இரண்டு நாளையும் எழுதினோம்.

சுதந்திரம் வந்த பிறகு ஒருநாள் அந்தத் தம்பதி ஏதோ கல்யாணத்துக்குப் போகிற வழியில் நூலகத்துக்கு வந்தார்கள். கடிதம் சுகமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஏடுகளுக்குப் போட்டிருந்த எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசனை நன்றாக இருக்கிறது என்றார் கணவர். அந்த அம்மாள், கடிதத்துக்கு அடியில் இருந்தது யாருடைய கடிதம் என்று கேட்டார்.

"உங்கள் மாமியார் எழுதியதம்மா. ஒரே குடும்பம் என்று சேர்த்து வைத்திருக்கிறோம்."

"உசுரோட இருக்கையிலயே நாங்க ஒரு அடுப்படியில இருந்ததில்ல. தனியா வைங்க தம்பி."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. தனி உறை போட்டு வைத்தேன். பட்டியலில் எண்களை மாற்றி எழுத எனக்கு முழுதாக ஒரு நாள் பிடித்தது.