பூஜ்யம் என்று எழுதிய வரி

சோணைமுத்துவின் குடும்பம் முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தது. பனியன் கம்பெனியில் வேலை செய்துகொண்டே அவர் கணிதத்தில் முதுகலை முடித்தார். நாற்பத்தொரு வயதில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணக்கு ஆசிரியர். ஜூனுக்குள் முனைவர் பட்டம் வராவிட்டால் வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. ஒன்பது வருட ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் இருவரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். வாய்மொழித் தேர்வு மட்டுமே பாக்கி.

பிசுபிசுப்பான திரவம் ஒரு தடையைச் சுற்றி எப்படி ஓடும் என்பதுதான் ஆய்வு. நீண்ட தூணைச் சுற்றி மாறாமல் ஓடும் ஓட்டம் ஒரே விதமாகத்தான் இருக்க முடியும் என்று நாலாம் அத்தியாயத்தில் நிரூபித்திருந்தார். தூணைச் சுற்றிப் போட்ட வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் விளிம்பில் எஞ்சுவது பூஜ்யம் என்று அதில் ஒரு வரி. தேர்வுக்கு ஆறு நாள் முன்பு, ஸ்லைடில் அந்த வரிக்குக் காரணம் எழுதப் போனார். காரணம் கிடைக்கவில்லை. ஒரு பந்தைச் சுற்றி ஓடும்போது தடை கிளப்பிய கலக்கம் தூரத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அந்தக் கணக்கைத் தூணுக்கும் போட்டிருந்தார். தூணுக்கு அது செல்லும் என்பதற்கு அவரிடம் ஆதாரமில்லை.

வகுப்பில் பாதிக் கணக்கோடு நின்றார். பஸ்ஸில் இறங்கும் இடத்தைத் தவறவிட்டார். யாருக்கும் தெரியாத பிழையும் பிழைதானா என்று யோசித்துப் பார்த்தார். தனக்குத் தெரிந்துவிட்டதே, அதுதான் தொல்லை.

நெறியாளர் தங்கராஜிடம் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஓகே பண்ணிட்டாங்க. நீங்க ஏனுங்க தோண்டறீங்க? பட்டம் வாங்கிட்டு அப்பறம் பாத்துக்கலாமுங்க."

மனைவி அபிராமி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். "ஓட்டை விழுந்த பீஸையே கடைசி நேரத்துல பெட்டியில வச்சு அனுப்பிருவாக. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள்.

வாய்மொழித் தேர்வில் பார்வையாளர் கேட்கும் கேள்வியை முன்பே எழுதி ஓர் ஆய்வு மாணவியிடம் கொடுத்துவைப்பது அந்தத் துறையின் வழக்கம். இந்த முறை அது தேஜஸ்ரீ. தேர்வன்று காலை சோணைமுத்து அவளிடமிருந்த சீட்டை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தார். பிழையைத் தானே சொல்லியிருக்கலாம். தைரியம் அந்தச் சீட்டு வரைக்கும்தான் வந்தது.

அபிராமி கம்பெனிப் பெண்கள் நாலு பேரோடு சால்வையும் கையுமாகப் பின்வரிசையில் இருந்தாள். வெளியூர்த் தேர்வாளர் சுலபமாக இரண்டு கேள்வி கேட்டு முடித்தார். தேஜஸ்ரீ எழுந்து சீட்டைப் பார்த்துப் படித்தாள்: விளிம்பில் எஞ்சுவது பூஜ்யம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

தங்கராஜ் முந்திக்கொண்டார். "அது தெரிஞ்ச முடிவுதானுங்களே, சோணைமுத்து?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். சோணைமுத்து மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லீங்க சார். அது பந்துக்கு. தூணுக்கு எங்கிட்ட ஆதாரம் இல்ல."

தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார். நாலாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதி, ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். அதற்குள் ஜூன் தாண்டிவிடும்.

வெளியே வந்ததும் அபிராமி தேஜஸ்ரீயை முறைத்தாள். நல்லா இருந்த காரியத்தைக் கெடுத்துவிட்டாள் என்று பெண்களிடம் உரக்கவே சொன்னாள்.

"அந்தப் பிள்ளையத் திட்டாத. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

அபிராமி சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். கம்பெனியில் பர்மிஷன் ரெண்டு மணி வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டுப் பெண்களோடு கிளம்பினாள்.