சிரிப்பு வந்து சேரும் வரை

சென்ற வாரம் ஒரு காலையில், சரவணம்பட்டியில் நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, உங்க மச்சான் போயிட்டாருடா" என்றாள். நான் விடுப்புச் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பதற்குள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் செய்தி வந்துவிட்டது. போட்டவர் மச்சானின் அண்ணன். பழைய படம் ஒன்றில் துரைசாமி மச்சான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, "சிரித்த முகம் மறைந்தது" என்று எழுதியிருந்தார்.

அந்தச் சிரித்த முகம் மறைந்து வருடங்கள் ஆகின்றன. அது மறைந்தபோது அந்த அண்ணன் பேசியது வேறு. அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை என்னால் எழுத முடியாது.

மச்சான் பீளமேட்டில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். ஆனால் ஊர் அவரை அறிந்தது கல்யாண மண்டப வாசல்களில்தான். எங்கள் பக்கம் வாசலில் நின்று 'வாங்க' என்று கூப்பிடுவது சின்ன வேலை அல்ல. அது சரியாக விழாவிட்டால் வந்தவர் கை நனைக்காமல் திரும்பிவிடுவார். அப்புறம் ஆயுசுக்கும் பேச்சு இருக்காது. அதனால் யார் வீட்டு விசேஷம் என்றாலும் அந்த இடத்தில் மச்சானை நிறுத்துவார்கள். முறைத்துக்கொண்டு வந்த ஒரு பெரியவரிடம் அவர், "ஏனுங் மாமா, போன கல்யாணத்துக் கோவத்த வண்டியிலயே வெச்சுட்டு வந்தீங்களா, கையில கொண்டாந்துட்டீங்களா?" என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. பெரியவர் சிரித்துக்கொண்டே பந்திக்குப் போனார்.

அவருக்கு முதலில் குரல் இறங்கியது. பிறகு முகம் நின்றுபோனது. கடைக்கு வருகிறவர்கள், துரைசாமிக்கு நம் மேல் என்ன கோபம் என்று கேட்கத் தொடங்கினார்கள். அக்காவே, "எதச் சொன்னாலும் செவுரு மாதர பாக்கறாருடா" என்று அழுதாள். நரம்பியல் மருத்துவரிடம் நான்தான் கூட்டிப்போனேன். பார்க்கின்சன் நோய் என்றார். மூளையின் அடியாழத்தில் டோபமைன் என்ற ரசாயனம் வற்றிவிட்டதாம். நாமாக நினைத்துச் சிரிப்பதற்கு மூளையில் ஒரு பாதை, தானாக வரும் சிரிப்புக்கு வேறொரு பாதை. இவருக்குத் தானாக வருவதுதான் முதலில் அடைபட்டிருக்கிறது, உள்ளே மகிழ்ச்சிக்கும் துக்கத்துக்கும் ஒரு குறையும் இல்லை என்று விளக்கினார். வெளியே வந்ததும் மச்சான், "கரண்டு இருக்குதுங்க மாப்ள, பேரிங்தான் இறுகிப்போச்சு" என்றார். நான் சிரித்தேன். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. "கை நடுங்குனாத்தானப்பா அந்த நோவு. இவன் கை நல்லாத்தான இருக்குது? நாலு காசு வந்ததும் மொகம் மாறிப்போச்சு" என்றார் அவருடைய அண்ணன். கால் ஒடிந்தவனை நடக்கச் சொல்லமாட்டார்கள். முகம் ஒடிந்தவனுக்குத் திமிர் என்று பெயர்.

மச்சானின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "ஊருக்கெல்லாம் நின்னுட்டேன். எம்புள்ள கல்யாணத்துல வாசல்ல நின்னுட்டாப் போதுங்க மாப்ள" என்றார். அன்றிலிருந்து தினமும் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகினார். நினைத்தால் சிரிப்பு வந்தது. ஆனால் மெதுவாக, தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்வதுபோல. "வர்றவங்க கொஞ்சம் நின்னாங்கன்னா வந்து சேந்துருமுங்க" என்றார்.

யாரும் நிற்கவில்லை. கல்யாணத்தன்று பவானியிலிருந்து வந்த அவருடைய தாய்மாமன் கும்பிட்டுக்கொண்டே மண்டபப் படியேறினார். மச்சான் வாயைத் திறந்தார். 'வாங்க' எனக்கே கேட்கவில்லை. மாமன் அந்த முகத்தைப் பார்த்தார், சட்டென்று திரும்பினார். அவர் முதுகுக்குப் பின்னால்தான் மச்சானின் உதடு விரியத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். காருக்கு ஓடிப்போய், "நரம்புல நோவுங்க, கோவமில்லீங்க" என்று கெஞ்சினேன். "நோவுன்னா ஊட்ல படுத்திருக்கோணும். கூப்புட்டு வெச்சு மொறைக்கறதுக்கு நாந்தான் கெடச்சனா?" என்று கதவைச் சாத்தினார் மாமன்.

அண்ணன் வந்தார். "நீ உள்ள போயி உக்காரு. உம்மொகத்தப் பாத்தா எழவூடு மாதர இருக்குது" என்று எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டு, தானே வாசலில் நின்றுகொண்டார். பந்திக்கூடத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் மச்சானை உட்காரவைத்தேன். "நான் உள்ள சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தனுங்க மாப்ள" என்றார். கண்ணீர் தாடை வரை வழிந்தது. முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

அதற்குப் பிறகு அவரை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்த ஓரிருவரும், அவர் இல்லாததுபோல அக்காவிடம் பேசிவிட்டுப் போனார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். எதையாவது சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். ஒருமுறை, அவருடைய அண்ணன் ஒரு கல்யாண வாசலில் சம்பந்தியை விட்டுவிட்டு அவர்களுடைய டிரைவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போன கதையைச் சொன்னேன். அசைவில்லை. விடைபெற்றுச் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன். வந்து சேர்ந்திருந்தது. இடது ஓரம் கொஞ்சம் தூக்கலாக, அவருடைய பழைய சிரிப்பு.

கடைசியில் விழுங்கும் தசைகளும் இறுகின. சாப்பாடு நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டியது. அதிலிருந்து அவர் மீளவில்லை.

எழவுக்கு எல்லோரும் வந்தார்கள். பவானி மாமனும் வந்து வாய்விட்டு அழுதார். கேட்டருகே அண்ணன் கைகூப்பி நின்றார். ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்கள், "சிரிக்கற மாதரயே இருக்குது பாருங்க" என்று சொல்லிக்கொண்டு நகர்ந்தார்கள். அங்கே சிரிப்பு எதுவும் இல்லை. உயிரோடு இருந்தபோது அந்த முகத்தில் இருந்ததை இவர்கள் பார்க்கவில்லை. இப்போது இல்லாததைப் பார்க்கிறார்கள்.

என் முறை வந்தது. நான் நகரவில்லை. "போலாமுங்க மாப்ள, பின்னால ஆளுக நிக்கறாங்க" என்றார் உள்ளே வந்திருந்த அண்ணன்.

"கொஞ்சம் இருங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளின் பழக்கம். அந்த இடது ஓரத்தைப் பார்த்தபடி, வழக்கமாக நிற்கும் நேரத்தைவிடக் கூடுதலாகவே நின்றேன். வரவில்லை.

போய் வாருங்கள், மச்சான்.