தயாபரன் அண்ணை விடாத பிழை

சென்ற மாதம் ரெய்னர்ஸ் லேன் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வசந்தி ரீச்சர் தொலைபேசியில் அழைத்தார். "தயாபரன் அண்ணை மோசம் போயிட்டார், ரீச்சர்." சாவுச் செய்தி கேட்டதும் கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் கணினிகளைச் சம்பளமின்றிப் பார்த்தவர் அவர். அலுவலகத்தில் விண்டோஸ், எங்களில் சிலரிடம் மேக், கோப்புகள் எல்லாம் இருக்கும் சேர்வரில் லினக்ஸ். "மூண்டு வீட்டுப் பிள்ளையளை ஒரு வகுப்பில வைச்சிருக்கிறன். கொஞ்சம் சத்தம் வரும்தான்" என்பார்.

ஆண்டுத் தேர்வின் வினாத்தாள்கள் என் பொறுப்பு. ஆசிரியர்களின் பிள்ளைகளும் அதே தேர்வை எழுதுவார்கள். ஒரு வருடம் வசந்தியின் மகளும் எழுதினாள். ஆகவே வினாத்தாள் ஃபோல்டரில் எனக்கு மட்டும் அனுமதி கொடுத்து, 'ஆசிரியர்கள்' குழுவுக்குத் தடை போட்டேன். அது போதாதென்று வசந்தியின் பெயரையும் தனியாகத் தடைப்பட்டியலில் சேர்த்தேன். வீட்டிலிருந்த பிரதியையும் கவனமாக அழித்தேன்.

தேர்வு நாள் காலை ஃபோல்டர் எனக்கும் திறக்கவில்லை. மண்டபத்தில் பிள்ளைகள் பென்சிலோடு காத்திருந்தார்கள். சேர்வர் இருந்த சிறிய அறையில் அண்ணையும் நானும். வாசலை அடைத்தபடி வசந்தி. வெளியே போகவும் வழியில்லை, உண்மையைச் சொல்லவும் வாயில்லை.

"என்ன அண்ணை, ரீச்சருக்கே திறக்காத பூட்டோ?" என்றார் வசந்தி.

அண்ணை தடைப்பட்டியலை எடுத்தார். வசந்தியின் பெயரைக் கண்டதும் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்களும் ஆசிரியர்தானே, ரீச்சர்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

குழுவில் நானும் ஒருத்தி என்பதை மறந்திருந்தேன். 'வகுப்பு முழுவதும் வெளியே நில்' என்று ஒருவரும், 'நீ மட்டும் உள்ளே வா' என்று இன்னொருவரும் சொன்னால், கணினி தடுத்தவர் பேச்சைத்தான் கேட்கும். அண்ணை இரண்டு தடைகளையும் நீக்கினார். ஃபோல்டர் திறந்தது.

"ஆர் இப்பிடிப் பூட்டினது?" என்று கேட்டார் வசந்தி.

"நான்தான் பிழை விட்டிட்டன், பிள்ளை" என்றார் அண்ணை.

"உங்களுக்கு வயசு போட்டுது, அண்ணை. பிள்ளையளை எவ்வளவு நேரம் காக்க வைச்சிட்டியள்" என்று வசந்தி ஏசினார். அவர் சிரித்தார். நான் வினாத்தாள்களை அச்செடுத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அண்ணையிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "விடுங்கோ. பிள்ளையள் சோதினை எழுதியிட்டினம்தானே" என்றார்.

இறுதிக்கிரியையில் வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு சின்னப் பிழைக்கு அண்டைக்கு அவரை அவ்வளவு ஏசிப்போட்டன், ரீச்சர்" என்று அழுதார். அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

இந்த நினைவு மலரைப் படிக்கும் நீங்கள் அனைவரும் அவரை அறிந்தவர்கள். வசந்தி, நீங்களும் படிப்பீர்கள். உங்கள் பெயரை அந்தப் பட்டியலில் எழுதியது நான். அவர் எனக்காக வாங்கிக்கொண்ட ஏச்சை இனி நான் வைத்துக்கொள்கிறேன்.