ஒட்டிக்கொண்ட செல்கள்

ஆஸ்பத்திரியில் என் சித்தியை ‘டான்சில் அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். குழந்தைகளின் தொண்டையிலிருந்து அறுத்தெடுத்த டான்சிலை ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொண்டு எதிர்க் கட்டடத்து ஆய்வகத்துக்கு ஓடுவாள். அங்கே அதை நறுக்கி, சல்லடையில் தேய்த்து, டி செல், பி செல் என்ற இருவகை நோய் எதிர்ப்புச் செல்களைப் பிரித்தெடுப்பது அவள் வேலை.

நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து அவள் வீட்டில் தங்கியிருந்தேன். நாலு சுவருக்குள் இருப்புக்கொள்ளாமல் அன்று அவளோடு கிளம்பினேன்.

“எதையாவது தட்டிவிட்டியோ, கொன்னுடுவேன். இதுதான்டி கடைசி டான்சில்” என்று ஆய்வக வாசலிலேயே மிரட்டினாள் சித்தி.

கடைசி என்று சொன்னது ஆய்வகத் தலைவியான அவளுடைய மேடம். டோபமின் என்பது மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் பொருள். அது டான்சிலில் இருக்கும் டி செல்களுக்குள்ளும் பொட்டுப் பொட்டாகச் சேர்ந்திருப்பதைச் சித்தி மைக்ராஸ்கோப்பில் பார்த்திருந்தாள். பக்கத்திலிருக்கும் பி செல்லுக்குக் கொடுக்கத்தான் டி செல் அதைச் சேர்த்துவைத்திருக்கிறது என்பது அவள் கட்சி. ஆனால் இரண்டையும் கலந்து, சுற்றியுள்ள திரவத்தை எத்தனை முறை சோதித்தும் டோபமின் வெளியே வந்த சுவடே இல்லை. இன்றும் வராவிட்டால் இந்த வேலையை மூடிவிடுவார்கள். சித்தி மறுபடி ரத்தக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டப் போகவேண்டும்.

சித்தி சுத்தக்காரி. “உங்க சித்தி கழுவின தட்டுல ஈ உக்காந்தா வழுக்கி விழும்” என்பார் சித்தப்பா. ஆய்வகத்திலும் அதே கதைதான். செல்கள் கட்டி தட்டினால் கைப்பக்குவம் போதாது என்று அங்கே அர்த்தம். அதனால் கலந்த குப்பியை ஆட்டும் மெஷினில் வைத்துவிடுவாள். அப்படியும் எங்காவது ஒட்டினால் பிப்பெட் என்ற உறிஞ்சுகுழலால் உறிஞ்சி ஊதிப் பிரித்துவிடுவாள்.

அன்றும் கலந்தாள். மெஷினில் ஏற்றுமுன், டோபமினை மினுங்கவைக்கும் சாயம் சேர்த்த ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

“சீ, அதுக்குள்ள ஒட்டிடுச்சு பாரு.” பிப்பெட்டை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “ஏய், இங்க வா. சீக்கிரம் வாடி!”

குனிந்து பார்த்தேன். ஒரு டி செல்லும் ஒரு பி செல்லும் கன்னத்தோடு கன்னம் வைத்ததுபோல் ஒட்டியிருந்தன. டி செல்லுக்குள் மினுங்கிய பொட்டுகள் எல்லாம் ஒட்டிய பக்கமாகவே குவிந்து கிடந்தன. தனியாக நின்ற செல்லில் அவை இறைந்து கிடந்தன.

“வாசல்ல வந்து நிக்குது சித்தி!”

“அடிப்பாவி! ஒட்டினாத்தான் குடுக்கும்போல. நான் இத்தனை நாளா பிரிச்சுப் பிரிச்சு விட்டிருக்கேனே!” தலையில் அடித்துக்கொண்டாள். சிரிக்கவும் செய்தாள்.

கலவையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மெஷினில் ஆடவிட்டாள். மற்றதை அசையாமல் நிறுத்தினாள். அந்த அரைமணி நேரம் என்னை மேசைப் பக்கமே விடவில்லை. “மூச்சு விடாத, ஆடும்” என்றாள்.

பிறகு இரண்டின் திரவத்தையும் அளக்கும் கருவிக்குக் கொடுத்தோம். மேடமும் வந்து நின்றார். ஆட்டிய குப்பிக்குத் திரையில் கோடு தட்டையாகவே ஓடியது. ஆட்டாததற்கும் முதலில் அப்படியே ஓடியது. சித்தி என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. டோபமின் வரவேண்டிய இடத்தில் கோடு விருட்டென்று எழும்பியது.

“வந்துடுச்சு!” கத்தியது நான்தான்.

மேடம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “ஒரு டான்சிலை வச்சு நான் நம்ப மாட்டேன். வேற குழந்தையோடதுலயும் வரணும். எத்தனை வேணும்?”

“கிடைக்கிறதெல்லாம் வேணும், மேடம்.”

அடுத்த நிமிடமே சித்தி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். “சிஸ்டர், நாளைக்கு யாருக்காவது டான்சில் எடுக்கறாங்களா? ரெண்டு பேரா? அட, ரொம்ப சந்தோஷம்!”

“சந்தோஷமா? புள்ளைங்க தொண்டை வலிச்சுக் கிடக்குதுங்க, அக்கா!” என்று அந்தப் பக்கம் சிஸ்டர் திட்டுவது எனக்கே கேட்டது.