போர்வை ஓரத்தில் இருந்தது

முத்தையா அண்ணன் அவர்கள் காலமான செய்தி வந்தபோது நான் கோலா கெத்தில் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் அவருடைய மகனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் காலத்தில், சயாமில் ரயில் தண்டவாளம் போட ஆள் பிடித்துப் போனபோது, இரண்டு சிப்பாய்களை இரண்டு பக்கமும் தள்ளிவிட்டு, நகர்ந்துவிட்ட ரயிலோடு ஓடி, தனபால் காதில் நான் சேதி சொன்ன கதை. கடையில் அதைக் கேட்காதவர் கிடையாது. நான் நடுவில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினால் கடைக்காரர் காதர் பாய் மிச்சத்தைச் சொல்லி முடித்துவிடுவார். அன்றைக்கு மூன்றாவதாக ஒரு சிப்பாயையும் சேர்த்திருந்தேன். அந்த நேரத்தில் கடை டெலிபோன் அடித்தது.

காதர் பாய் கேட்டுவிட்டு, கையைத் துண்டில் துடைத்தபடியே வந்தார். "செர்டாங்லேருந்து சரசு பேசுச்சு. முத்தையா அண்ணன் காலையில போய்ட்டாராம்" என்றார்.

மிச்சக் கதையை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சரசு அண்ணனின் மகள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு தாள் அச்சடிக்கிறார்களாம். "அப்பாவோட சண்டைக் காலத்துலேருந்து இருந்தவங்க நீங்க ஒருத்தர்தான் சித்தப்பா. நீங்களே எழுதிக் குடுங்க" என்றாள். நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். மூன்றாம் வகுப்பானாலும், வாத்தியார் என்னைக் கேட்டுவிட்டுத்தான் கரும்பலகையில் எழுதுவார். ஆகவே ஒப்புக்கொண்டேன்.

சண்டைக்கு முன்பு அண்ணன் அவர்கள் செர்டாங் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். தராசில் ஏற்றும் முன்பே மூட்டையை ஒரு கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்வார். ஒரு நாள் அவர் ஒன்று சொல்ல, தராசு ஒன்று சொல்ல, துரை தராசைத் தூக்கி ஆற்றில் வீசினார் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். துரை தராசைத் தட்டிப் பார்த்தார். அவ்வளவுதான். ஆனால் அண்ணன் சொன்ன எடைதான் சரியாக இருந்தது.

ஜப்பான்காரன் வந்த பிறகு ஆற்றங்கரைப் படகுத் துறையில் ஒரு சோதனைச் சாவடி போட்டார்கள். அக்கரை பேராக் மாநிலம், இக்கரை கெடா. பின்னால் கெடாவைச் சயாமுக்குத் தூக்கிக் கொடுத்ததும் பெயருக்கு அது சயாம் சுங்கமானது. அடிப்பது மட்டும் ஜப்பான்காரன்தான். படகில் வந்து இறங்குகிற ஒவ்வொரு பெட்டியையும் மூட்டையையும் பார்க்க வேண்டும். அரிசி, உப்பு, மலேரியாக் காய்ச்சலுக்குப் போடும் கொய்னா மாத்திரை எது இருந்தாலும் பிடுங்கி வைக்க வேண்டும். அண்ணனின் கைப்பழக்கத்தைக் கேள்விப்பட்டு அவரை அங்கே நிறுத்தினார்கள். மூட்டைகளைப் பலகையில் ஏற்றி இறக்க என்னை வைத்தார்கள். அப்போது நான் தோளுக்கு ஒரு மூட்டையாக இரண்டு தூக்குவேன். பார்த்தவர்கள் இருந்தார்கள், இப்போது இல்லை.

அண்ணன் எடுத்தவுடனே மூட்டையை அவிழ்க்கமாட்டார். தூக்குவார், ஒரு குலுக்குக் குலுக்குவார், பிறகு இரண்டு விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே வருவார். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே ஏதாவது இருக்கும். "நடுவுல எவனும் ஒளிக்கமாட்டான் தம்பி. ஓரத்தப் பாரு" என்பார். பார்த்து முடித்ததும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அந்தக் குறி இருந்தால்தான் ஆள் மேலே ஏறிப் போகலாம்.

ஒரு தடவை கைக்குழந்தைக்காரி ஒருத்தி வந்தாள். குழந்தையின் மெத்தை ஓரத்தில் அண்ணனின் விரல் நின்றது. அரிசி. சிப்பாய் மூன்றடி தூரத்தில் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பெண் சத்தம் வராமல், "அண்ணே, நீங்களும் நம்ம ஆளுதானே, விட்டுருங்கண்ணே" என்றாள். அண்ணன் தையலைப் பிரித்தார். அரிசி பலகையில் கொட்டியது. இரண்டு கை அள்ளினால் தீர்ந்துபோகும் அரிசி. அவள் வெறும் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு மேடேறிப் போனாள்.

அன்றைக்கு அண்ணன் மத்தியானம் சாப்பிடவில்லை. "என் கைக்குத் தெரிஞ்சத முகம் மறைக்கமாட்டேங்குது தம்பி. அவன் என் முகத்தத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறான்" என்றார்.

அப்புறம் சயாமுக்கு ஆள் பிடித்தார்கள். ஒரு விடியலில் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட நின்றவர்களில் இளவட்டங்களை அப்படியே லாரிக்கு ஒதுக்கினார்கள். அதில் அண்ணனின் ஒரே மகன் தனபாலும் இருந்தான். வீட்டுக்குப் போக விடவில்லை. அக்கரை ரயிலடியில் சாமான் ஏற்ற ஆள் வேண்டும் என்று துறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணனுக்குச் சாவடியை விட்டு நகர அனுமதி இல்லை.

அண்ணன் தன்னுடைய கறுப்புப் போர்வையை எடுத்தார். பிடுங்கி வைத்திருந்த கொய்னாவிலிருந்து ஒரு பிடி எடுத்தார். அவர் அங்கிருந்து எடுத்தது அது ஒன்றுதான். போர்வையின் ஓரத்தை மடித்து, ஒவ்வொரு மாத்திரையாக வைத்து, சாக்கூசியால் இரட்டை நூல் போட்டுத் தைத்தார்.

"வழியில எத்தன எடத்துல சோதிப்பானுங்களோ. என் கையே தேடுனாலும் அம்புடாத மாதிரி தச்சிருக்கேன். நீ அவங்கிட்ட சொல்லிரு. ஓரத்துல இருக்கு, காய்ச்ச வந்தா பிரிச்சுப் போட்டுக்கன்னு சொல்லிரு. மறந்துராதடா."

"நான் மறப்பனாண்ணே? எத்தன சிப்பாய் நின்னாலும் காதுல போட்டுட்டுத்தான் வருவேன்" என்றேன்.

திரும்பி வந்து, "சொல்லிட்டேண்ணே" என்றேன். எப்படிச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அன்றைக்குக் கதையில் ஒரு சிப்பாய்தான்.

பல மாதங்கள் போயின. ஒரு நாள் காலைப் படகில் எங்கள் தோட்டத்துக் கோவிந்தன் வந்து இறங்கினார். நோயாளி என்று சயாமிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். எலும்புக்கு மேல் சட்டை போட்ட மாதிரி இருந்தார். கையில் இரண்டு மூட்டை. ஒன்று அவருடைய துணி. மற்றதை நான் பலகையில் தூக்கி வைத்தேன். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அண்ணன் அதைத் தூக்கினார். வழக்கம்போல் குலுக்கவில்லை. மூட்டையாகக் கட்டியிருந்த கறுப்புப் போர்வையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனார். விரல் எங்கேயும் நிற்கவில்லை. ஒரு தையல்கூடப் பிரிந்திருக்கவில்லை. சுண்ணாம்புக் கட்டியை எடுத்துப் பெருக்கல் குறி போட்டார்.

"அவன் எங்க கோவிந்தா?" என்று கேட்டார்.

"முகாமுக்குப் போயி ரெண்டாம் மாசம்ணே. காய்ச்சல். கொய்னா, கொய்னான்னு கேட்டுக்கிட்டே கெடந்தான். நாங்க எங்க போவோம்? நடுக்கத்துக்கு இந்தப் போர்வையத்தான் போத்திவிட்டோம்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "சொன்னியா?"

"சொன்னேண்ணே. காதுலயே சொன்னேன். தலையாட்டுனான்."

என் முகத்தைப் பார்த்தார். "அப்ப மறந்திருப்பான். காய்ச்சல்ல" என்றார். அடுத்த மூட்டையை வைக்கச் சொன்னார்.

அன்று முதல் அவர் ஓரத்தைத் தடவுவதில்லை. தூக்குவார், குறி போடுவார், போகச் சொல்வார். எத்தனை வீட்டுக்கு உப்பும் அரிசியும் அப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் அவர் குறி போட்ட மூட்டையைச் சிப்பாய் பிரித்துப் பார்த்துவிட்டான். உப்பு இருந்தது. அந்த மூட்டையை அண்ணனின் தலையில் ஏற்றி வெயிலில் நிறுத்தினார்கள். மயங்கிச் சாயும் வரைக்கும் நின்றார். நான் கொட்டகை நிழலில் நின்றேன்.

சண்டை முடிந்தது. அண்ணன் மறுபடி ஸ்டோருக்குப் போனார். சாக்குத் தைக்கச் சொன்னபோது மாட்டேன் என்றுவிட்டார். காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். அண்ணியும் ரொம்ப நாள் இருக்கவில்லை. சரசுவைத் தனியாகவே வளர்த்தார்.

மூன்று வருடம் முன்பு சரசு காசிக்குப் போய்த் திரும்பினாள். கூட்டிவர அண்ணனும் நானும் பினாங்கு விமான நிலையத்துக்குப் போயிருந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுங்கத்து ஆள் அவள் பெட்டியைத் திறந்து, சேலைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினான். அண்ணன் கண்ணாடியில் நெற்றி படும்படி நின்று பார்த்தார்.

"ஓரத்தத் தடவல, பாத்தியா" என்றார்.

"ஆமாண்ணே. இப்ப உள்ளவனுக்கு என்னா தெரியும்லா."

அவர் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "ரயிலடியில நீ எத்தன சிப்பாயடா தள்ளுன?"

"ரெண்டுண்ணே."

"மொதல்ல ஒருத்தன்னுல்ல சொன்ன" என்று சிரித்தார். அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. காரில் வரும்போது எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

சரசு, நீ கேட்டதால் எழுதுகிறேன். ரயிலடியில் ஒரே ஒரு சிப்பாய்தான் இருந்தான். அவனும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை, பெட்டியின் மேல் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். ரயில் நகரவில்லை. நான் ஓடவும் இல்லை. போர்வையை உன் அண்ணன் தனபால் கையில் கொடுத்தேன். "அப்பா ஏதாச்சும் சொன்னாரா சித்தப்பா?" என்று அவனே கேட்டான். சிப்பாய் திரும்பிவிடுவானோ என்று பயம். "பத்திரமா இருக்கச் சொன்னாரு" என்றேன். அவன் சரி என்று சொல்லிப் போர்வையை நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

அண்ணனைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும் சரசு அவருடைய பெட்டியிலிருந்து அந்தப் போர்வையைக் கொண்டுவந்து, "நீங்க போத்துங்க சித்தப்பா" என்றாள். ஓரம் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. தடவிப் பார்த்தேன். உள்ளே மாத்திரை இல்லை, மாவுதான் இருந்தது. அது போர்வையின் ஒரு மூலைக்கு இறங்கிக் கிடந்தது. அந்த மூலையை அவர் கைக்கு அடியில் வைத்தேன். தகனத்துக்கும் அதோடுதான் போனார்.

போய் வாருங்கள் அண்ணே. அங்கே தனபாலைப் பார்த்தால் நான் சொல்லாமல் விட்டதை நீங்களே சொல்லிவிடுங்கள். ஓரத்தில் இருக்கிறது என்று.