மூடியில் ஆணி அடித்த பாட்டில்

நேற்று மெட்ரோவில் பக்கத்து சீட்டுப் பெண் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். காலிக் கண்ணாடி பாட்டிலைச் சுற்றிச் சணல் கயிறு ஒட்டி, உள்ளே குட்டி விளக்குச் சரத்தைப் போட்டு, வீட்டின் அழகே மாறிவிடும் என்று ஒரு குரல் குதூகலித்தது. அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது தப்புதான். ஆனாலும் அல்சூர் ஸ்டேஷன் வரும்வரை முழுசாகப் பார்த்துவிட்டேன். மர்பி டவுனில் நான் வளர்ந்த வீட்டில் காலி பாட்டில் என்று ஒன்று இருந்ததே கிடையாது. வேலை மாறிய பாட்டில்கள்தான் இருந்தன.

ஜாம் பாட்டிலில் பட்டனும் ஊசிநூலும். காப்பித்தூள் பாட்டிலில் வெந்தயம். கரண்ட் போனால் மெழுகுவத்தியைச் சுற்றிக் காற்றுக்கு மறைப்பாக ஒரு பாட்டில். ஊறுகாய் பாட்டில் மட்டும் லேசில் திருந்தாது. என்ன போட்டுக் கழுவினாலும் மாங்காய் வாசனை போகாது. தெரியாமல் அதில் சர்க்கரையைக் கொட்டிவைத்து, வந்த விருந்தாளிக்கு அம்மா காப்பி கலந்து கொடுத்தாள். அவர் மறுபடி எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நான்கூட ஒரு பாட்டிலில் மீன் வளர்த்தேன். மீனுக்குக் கால் முளைத்த அன்றுதான் அது தவளைக் குஞ்சு என்று தெரிந்தது. அம்மா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

எங்கள் வீட்டில் எங்களுடையது அல்லாத பாட்டிலும் ஒன்று உண்டு. வாய் அகலமான தடித்த கண்ணாடி, பச்சைத் தகர மூடி. பக்கத்து வீட்டு ஷாஹிதா ஆன்ட்டியுடையது. அவர் அதில் கேரட் அல்வா அனுப்புவார். அம்மா கழுவித் துடைத்து, முறுக்கு போட்டுத் திருப்பி அனுப்புவாள். அடுத்த வாரம் அது எலுமிச்சை ஊறுகாயோடு வரும், தட்டையோடு போகும். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது எங்கள் தெருவில் முகத்தில் அடித்த மாதிரி. சண்டை போட்டவர்கள்கூட உள்ளே இரண்டு வெல்லக்கட்டியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கே யாரோ ஒரு வித்தை சொல்லியிருந்தார்கள். அலமாரிப் பலகைக்கு அடியில் மூடிகளை ஆணி அடித்துவிட்டால், பாட்டில்களைக் கீழிருந்து திருகித் தொங்கவிடலாம், இடம் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், அடுப்படியில் அகப்பட்ட மூடிகளையெல்லாம் அடித்துத் தள்ளிவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். அம்மா வந்தாள். வரிசையின் கடைசியில் பச்சை மூடி.

"ஐயோ, அது ஷாஹிதாவோடதுங்க! இப்ப எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

"ஆணியப் பிடுங்கினா ஆச்சு."

"ஓட்ட மூடியவா குடுப்பாங்க யாராச்சும்?"

சாதாரண வாரமாக இருந்திருந்தால் இது சிரிப்போடு போயிருக்கும். ஆன்ட்டியின் வீட்டுக்காரருக்கு ஹூப்ளியில் வேலை கிடைத்து, அந்த வாரம்தான் வீட்டைக் காலி செய்கிறார்கள். உண்மையில் அந்தப் பாட்டில் கழுவித் துடைத்து நாலைந்து நாளாகவே எங்கள் அடுப்படியில் சும்மா இருந்தது. அம்மாதான் அனுப்பாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள்: "குடுத்துட்டா அவ்ளோதான்ல. அப்புறம் எதுக்கு அவ வரப்போறா?" சொல்லிவிட்டு அழுதாள். அம்மாவுக்கு அந்தத் தெருவில் வேறு சிநேகிதி கிடையாது.

லாரி வந்து நின்ற அன்று ஆன்ட்டி சொல்லிக்கொள்ள வந்தார். எப்போதும்போல நேராக அடுப்படிக்கு. நாங்கள் மூன்று பேரும் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றோம். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"அரே! என் பாட்டில் அந்தரத்துல தொங்குது!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா புதுசு வாங்கித் தருகிறேன் என்று ஆரம்பித்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் விஜயா. அங்கயே இருக்கட்டும். நான் வந்து வாங்கிக்கறேன். காலியா மட்டும் குடுத்துடாதே."

அதற்கப்புறம் இரண்டு பேரும் அழுததில் லாரிக்காரர் ஹாரன் அடித்தும் காதில் விழவில்லை.

ஹூப்ளியிலிருந்து கொஞ்ச காலம் போன் வந்தது. பிறகு அவர்கள் வேறெங்கோ மாறினார்கள், நம்பரும் மாறிவிட்டது. அம்மா வாரத்துக்கு ஒருமுறை பழைய முறுக்கைக் கொட்டிவிட்டுப் புதுசை நிரப்புவாள். எந்த நாள் வந்து நிற்பாளோ, வெறும் பாட்டிலையா நீட்டுவது என்பாள். கொட்டிய பழசு எங்களுக்கு. நமத்த முறுக்கு தின்றே வளர்ந்த பெண் நான். மொறுமொறுப்பாக யாராவது கொடுத்தால் இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

போன வருஷம் எங்கள் தெருவின் வரிசை வீடுகளை இடித்தார்கள். மூடிகள் பலகையோடு போய்விட்டன. ஆன்ட்டியின் பாட்டிலை மட்டும் அம்மா மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் என் ஃபிளாட்டுக்கு வந்தாள். அதன்பிறகு முறுக்கு சுடவே இல்லை. முழங்கால் வலி போல என்று விட்டுவிட்டேன். தீபாவளிக்குத்தான் கேட்டேன், ஏம்மா சுடறதில்ல என்று.

"யாருக்கு? அவளுக்கு இந்த வீடு தெரியாதுல்ல" என்றாள்.